நெஞ்சுப் பட்டையும் கழுத்து ஸ்கேனும்: எச்ஆர்வி அளந்து கண்டவை

கைக்கடிகாரமோ நெஞ்சுப் பட்டையோ காட்டும் எச்ஆர்வி எண்ணை, அதாவது இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுபடுகிறது என்ற அளவை வைத்துத் தன் ரத்தக்குழாய்ச் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவர் அறிய முடியுமா? போலார் எச்10 பட்டையைச் சில ஆண்டுகளாகக் காலைதோறும் அணிந்து அளந்துவருகிறேன். என் பதில்: முடியாது. ஆனாலும் பட்டையை விடப்போவதில்லை.

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் வினாடிக்கு ஒன்றாகத் துடிப்புகள் வருவதில்லை. 950 மில்லிவினாடி, 1,030, 980 என இடைவெளி கூடியும் குறைந்தும் வரும். மூச்சை இழுக்கையில் துடிப்பு விரையும், விடுகையில் தணியும். இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பு சுறுசுறுப்பாக இருப்பதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஓர் அடையாளம்.

இதற்கும் தமனிச் சுவருக்கும் உள்ள தொடர்பை அறிந்தபோதுதான் எனக்கு ஆர்வம் மிகுந்தது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணரிகள் உள்ளன. அவை ரத்த அழுத்தத்தை நேராக அளப்பதில்லை; சுவர் எவ்வளவு விரிகிறது என்பதையே உணர்கின்றன. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும், செய்தி மூளைத்தண்டுக்குப் போகும், வேகஸ் வழியே இதயம் நிதானமாகும். சுவர் தடித்து விறைத்தால் விரிவு குறையும், செய்தி மங்கும், துடிப்பின் நெகிழ்வும் குறையும். தடிப்பதும் விறைப்பதும் ஒன்றல்ல. ஆனால் வயது, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவை இரண்டையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. அதே காரணங்கள், இதயத்தைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகளையும் தனியே தாக்குகின்றன. ஆகவே எண் குறைந்தால் பழி சுவரின் மீதா, நரம்பின் மீதா என்று பட்டையால் பிரித்துச் சொல்ல இயலாது.

என் பதிவுகளில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. இரவு பஸ் பயணம், காய்ச்சல், படுக்கும் நேரத்தில் உண்ட கனமான சாப்பாடு, இவை ஒவ்வொன்றும் மறுநாள் காலை எண்ணைக் கீழே தள்ளின. நிமிடத்துக்கு ஆறு முறை மட்டும் மெதுவாக மூச்சுவிட்டால் அளக்கும்போதே எண் ஏறுகிறது. அந்தச் சில நிமிடங்களில் எந்தத் தமனியும் மெலிந்திருக்காது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் எச்ஆர்வியை உயர்த்தக்கூடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு இருப்பவருக்கு எண் மிக உயரமாக வரும். அதைப் பார்த்து மகிழ்வது ஆபத்து.

எங்கள் குடும்பத்தில் ரத்த அழுத்தம் உண்டு என்பதால் கழுத்துத் தமனி ஸ்கேனும் செய்துகொண்டேன். சுவரின் உள் இரு அடுக்குகளின் தடிப்பை அல்ட்ராசவுண்டில் அளக்கலாம் என்று 1986-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கு 0.8 மில்லிமீட்டர் வந்தது. வேறோர் ஆய்வகத்தில் மீண்டும் எடுத்தபோது எண் மாறியது. ஓர் ஆண்டில் சுவர் தடிப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஸ்கேன் எடுப்பவரின் கை சற்று மாறினாலே அதைவிடப் பெரிய வேறுபாடு வந்துவிடும். 2013-இல் வெளியான அமெரிக்க இதயநல வழிகாட்டுதல், அபாயத்தைக் கணிக்க இந்தத் தடிப்பை வழக்கமாக அளக்க வேண்டாம் என்றது. சுவரில் கொழுப்புப் படிவு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு.

இன்னொரு குழப்பம் அளவுகோலில். ஆப்பிள் வாட்ச் காட்டுவது எஸ்டிஎன்என், அதாவது எல்லா இடைவெளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற கணக்கு. கார்மின் கடிகாரம், அவ்ரா மோதிரம் போன்றவை ஆர்எம்எஸ்எஸ்டி கணக்கில், அதாவது அடுத்தடுத்த இடைவெளிகளுக்குள்ள வேறுபாட்டைக் கொண்டு காட்டுகின்றன. நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை. மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரை வைத்து 1987-இல் வந்த ஆய்வில், எஸ்டிஎன்என் 50 மில்லிவினாடிக்குக் கீழே இருந்தவர்களின் இறப்பு அபாயம், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு. பலரும் இந்த 50-ஐப் பார்த்து அஞ்சுகிறார்கள். அது ஹோல்ட்டர் என்ற, உடலில் அணியும் இசிஜி கருவியின் 24 மணி நேரப் பதிவில் கிடைத்த எண். காலை மூன்று நிமிடப் பதிவுக்கு அதைப் பொருத்தவே கூடாது.

பட்டையைப் பற்றி: மின்முனைப் பகுதியை நீரில் நனைத்து அணிய வேண்டும், உலர்ந்தால் துடிப்புகள் விடுபடும். வியர்வை உப்பு சேராமல் அலசி உலர்த்தினால் நீண்ட நாள் உழைக்கிறது. சிஆர்2025 பட்டன் பேட்டரி சுலபமாகக் கிடைக்கிறது. இதற்கு முன் அணிந்த ஒரு கைக்கடிகாரம், வார் சற்றுத் தளர்ந்தாலே எண்ணைத் தாறுமாறாகக் காட்டியது. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி வேண்டுமென்றால் நெஞ்சுப் பட்டையே நம்பகமானது.

நான் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் உட்கார்ந்து அளக்கிறேன். ஒரு நாள் எண்ணை விட்டு வாரச் சராசரியைப் பார்க்கிறேன். உறக்கம் கெட்ட வாரங்களை அது தவறாமல் காட்டிக்கொடுக்கிறது, உடற்பயிற்சியை எப்போது குறைப்பது என்று அதைப் பார்த்தே முடிவுசெய்கிறேன். தமனிச் சுவருக்காகக் கவலைப்படுகிறவர் முதலில் கை மேற்புறத்தில் கட்டும் ரத்த அழுத்தக் கருவியை வாங்கட்டும், எல்டிஎல் கொழுப்பையும் சர்க்கரையையும் பரிசோதிக்கட்டும். பணம் மீந்தால் பட்டை.