பட்டு வேட்டியில் தைத்த கார்செட்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இடையை இறுக்கிப் பிடிக்கிற உடுப்பான என் கார்செட்டில், முதுகுப்பக்கத்தில் கயிறு கோக்கும் துளையின் உலோக வளையம், அதாவது ஐலெட் ஒன்று, சென்ற வாரம் மூன்றாவது முறையாகப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. வலப்பக்க வரிசையில், இடுப்பு மட்டத்தில், கயிற்றை இழுத்து முடிச்சிடுகிற அதே இடம்தான் இந்த முறையும். அதைச் சரிசெய்துகொண்டிருந்த மாலையில் ஏற்காட்டிலிருந்து சிநேகிதி ஒருத்தி கைப்பேசியில் அழைத்து, தன் பாட்டியின் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக விட்டுப்போய்விட்டது என்றும், என்னைப்போல் தானும் அதில் ஒரு கார்செட் தைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாள். ஊசியும் கையுமாக இருந்த கோபத்தில் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவள் அக்கறையோடு கேட்டதற்கு அது நியாயமான பதில் இல்லை. ஆகவே மூன்றாண்டுகள் உடுத்திப் பார்த்து அறிந்ததை முழுவதுமாக இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு துண்டுகளை எப்படி வெட்டி இணைப்பது, முன்பக்கத்துக் கொக்கித் தகட்டை எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் இந்த வேலையில் இறங்கியவர்களுக்குத் தெரிந்தவைதான். என்னுடையது மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பில் முடிகிற வகை. என் இடை 31 அங்குலம்; முழுவதும் மூடினால் 27 அங்குலம் வருமாறு தைத்து, பின்புறம் 2 அங்குல இடைவெளி விட்டுக் கட்டுகிறேன். உடம்பில் குறைவது 2 அங்குலம் மட்டுமே. அதற்கு மேல் இறுக்குவதில் எனக்கு ஆசையும் இல்லை, அது உடம்புக்கு நல்லது என்ற எண்ணமும் இல்லை.

மேல்துணி அப்பாவின் கல்யாண வேட்டி. அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீட்டிலேயே வாங்கிய சேலம் வெண்பட்டு. எட்டு முழம், இரண்டு விரல் அகலத்தில் சரிகைக் கரை. பீரோவில் ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்புக் கோடுகள் எல்லாவற்றிலும் இழை விட்டிருந்தது. பட்டு இழுப்பை நன்றாகவே தாங்கும்; ஒரே இடத்தில் மடங்கி, மேலே பாரமும் ஏறிக் கிடப்பதைத்தான் தாங்காது. அப்படி விட்டுப்போன வேட்டியை மறுபடி உடுத்த முடியாது, சட்டைக்கும் அகலம் போதாது. ஆனால் கார்செட்டின் ஒவ்வொரு துண்டும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடுவதால், இரண்டு மடிப்புகளுக்கு இடையே உள்ள நல்ல பகுதியில் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க முடிந்தது. "வெட்டிக்கோ கண்ணு, பீரோவுல கெடந்து என்னத்துக்கு ஆகப்போகுது" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பட்டு மேலே தெரிவதற்கு மட்டும்தான். இழுப்பைத் தாங்குவதற்கென்று ஐரோப்பாவில் கூட்டில் என்ற பருத்தித் துணியை மீன்முள் வரியில் மிக நெருக்கமாக நெய்கிறார்கள். எங்கள் சேலத்துக் கடைவீதியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்தப் பெயரைக் கேட்டவர்களே இல்லை. பள்ளிச் சீருடைக்கு விற்கும் வெள்ளை டிரில் துணியை வாங்கி, வெந்நீரில் நனைத்துச் சுருங்கவிட்டு, இரண்டு மடிப்பாக உள்ளே வைத்தேன். மூன்றாண்டில் அது எள்ளளவும் நீளவில்லை. துணி மடங்காமல் நிமிர்ந்து நிற்க உள்ளே செருகும் உலோகப் பட்டையில்தான் முதலில் ஏமாந்தேன். எவர்சில்வருக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு பட்டையை வெளியூரிலிருந்து தருவிப்பதா என்று, பாத்திரப் பட்டறை ஒன்றில் தகட்டைக் கீற்றாக வெட்டி வாங்கிச் செருகினேன். பாத்திரத் தகடு வளைந்து கொடுப்பதற்கென்றே மென்மையாக்கப்பட்டது. ஒருமுறை குனிந்து நிமிர்ந்ததும் விலாவுக்குக் கீழே வளைந்து, அப்படியே நின்றுவிட்டது. வளைத்தாலும் தன் நிலைக்குத் திரும்புகிற ஸ்பிரிங் ஸ்டீல் பட்டைதான் இதற்கு ஏற்றது. நேர்க்கோடாக வரும் இடங்களுக்குத் தட்டைப் பட்டையும் வளைவுகளுக்குச் சுருள் பட்டையும் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை அடியோடு தீர்ந்தது.

இனி, நான் சற்றும் எதிர்பாராத நன்மையைச் சொல்ல வேண்டும். இடை அழகாகத் தெரியும் என்றுதான் இதைத் தைத்தேன். அதைவிடப் பெரிய பயன் பாவாடை நாடா விஷயத்தில் கிடைத்தது. கல்யாணத்துக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ எடையுள்ள பட்டுப்புடவையை உடுத்தினால், அத்தனை பாரமும் கொசுவத்தின் இழுப்பும் ஒரு விரல் அகலம்கூட இல்லாத நாடாவில்தான் தொங்குகின்றன. தளர்த்திக் கட்டினால் புடவை நழுவும். இறுக்கிக் கட்டினால் இரவில் அவிழ்க்கும்போது இடுப்பைச் சுற்றிப் பள்ளமும் எரிச்சலும் இருக்கும். என் இடுப்பில் இருபது ஆண்டுகளாக ஒரு கறுத்த கோடு உண்டு. அம்மாவுக்கும் அத்தைக்கும் அதே கோடு உண்டு. நாடா நாள்தோறும் இறுகி உராயும் இடத்தில் தோல் கறுத்துத் தடிப்பதையும், மிக அரிதாக அது ஆறாத புண்ணாகிப் புற்றுநோய் வரை போவதையும் இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். நாம் அதை வடு என்றுகூட எண்ணாமல், புடவை கட்டுகிற உடம்பின் இயல்பு என்றே வாழ்ந்துவிடுகிறோம்.

கார்செட்டின் மேல் பாவாடையைக் கட்டிய முதல் நாளில் அந்த நாடா என்னைத் தொடவே இல்லை. நாடாவின் இறுக்கத்தை எஃகுப் பட்டைகள் வாங்கி, விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரை பரப்பிவிடுகின்றன. கயிறு அறுக்கிற இடத்தில் அகலமான கை ஒன்று அணைத்திருப்பதுபோல் இருக்கிறது. காலை முகூர்த்தத்திலிருந்து இரவு வரவேற்பு வரை நின்றுவிட்டு வந்து அவிழ்த்தபோது, டிரில் துணியின் நெசவு லேசாகப் பதிந்திருந்ததே தவிர நாடாவின் பள்ளம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு அத்தையை அழைத்துக் காட்டினேன். பின்னர்தான், ஐரோப்பியப் பெண்கள் அடுக்கடுக்காக அணிந்த பாவாடைகளின் கயிறுகளையும் பாரத்தையும் தாங்கியது கார்செட்தான் என்று படித்தேன். இடையைச் சுருக்குவதைப் பற்றியே பேசிப் பேசி இந்த ஒரு பயனை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்த நாட்டுப் பாவாடைக்கு உதவியது நம் பாவாடைக்கும் அப்படியே உதவுகிறது.

உட்காருவதைப் பற்றியும் ஒரு சொல். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தில் இதை அணிந்தபடியே போயிருக்கிறேன். திருப்பத்துக்குத் திருப்பம் உடம்பு சாயும்போது முதுகு நிமிர்ந்தே நின்றது. முன்தகட்டின் அடிமுனை மட்டும் அடிவயிற்றில் குத்தியது. அடுத்ததைத் தைத்தால் முன்பக்கத்தை அரை அங்குலம் குறைப்பேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் நாள் முழுக்க அணிந்தும் அலுப்பில்லை. சேலத்தில் அது நடக்காது. பங்குனி பிறந்தால் வைகாசி முடியும்வரை நான் இதைத் தொடுவதே இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் ஒருமுறை அணிந்து நின்றேன். உள்ளே போட்டிருந்த பனியன் பிழிய வந்தது. வியர்வை பட்டுத்துணியை நலிவித்துச் சரிகையைக் கறுக்க வைக்கும். இதைத் துவைக்கவும் முடியாது. நிழலில் காற்றாட விரித்துப் போடத்தான் முடியும்.

இப்போது அந்தத் துளைக்கு வருகிறேன். கார்செட்டில் நேரான விளிம்பு என்று பார்த்தால் நடு முன்பக்கமும் நடுப் பின்பக்கமும் மட்டும்தான். மற்றவை எல்லாம் வளைவு. சரிகைக் கரையை வளைவில் வைத்தால் சுருங்கிக் கொண்டு நிற்கும் என்பதால், முன்தகட்டின் இருபுறமும் நேராக இறக்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மீதமிருந்த கரையை வீணாக்க மனம் வராமல், பின்பக்கத்து ஐலெட் வரிசையின் மேலும் வைத்துத் தைத்துவிட்டேன். மூன்றாண்டுகளாக எனக்கு வந்த வேதனை எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

துளை போடும்போது இழையை வெட்டக் கூடாது. குத்தூசியால் மெல்லத் திருகித் திருகி இழைகளை ஒதுக்கி வழி செய்ய வேண்டும். ஒதுங்கிய இழைகள் வளையத்தைச் சுற்றி நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். டிரில் அப்படி ஒதுங்கியது, பட்டும் ஒதுங்கியது. சரிகை ஒதுங்கவில்லை. நூலின் மேல் சுற்றிய உலோக இழை வளையாமல் நொறுங்கி, நுண்ணிய முட்களாக வெளியே நீட்டிக்கொண்டது. அந்த முட்கள் கயிற்றை அராவி இரண்டு முறை அறுத்திருக்கின்றன. அது போதாதென்று, கரை தடித்த நெசவு. பட்டு, கரை, இரண்டு மடிப்பு டிரில் எல்லாம் சேர்ந்த கனத்துக்கு நான் வாங்கிய வளையத்தின் கழுத்து குட்டை. சுத்தியலால் அடித்தபோது விளிம்பு முழுவதும் விரிந்து மறுபக்கத்தைக் கவ்வவில்லை. இறுக்கம் முழுவதும் இடுப்பு மட்டத்தில் விழுவதால் அங்கேதான் முதலில் பிய்ந்தது.

முதல் முறை விளம்பரத் தட்டிகளுக்கு ஐலெட் அடிக்கிற கடை ஒன்றில் கொடுத்தேன். அவர்களிடம் இருந்தது பெரிய வளையம். அதற்காகத் துணியை வட்டமாக வெட்டிவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்தும் வெட்டினார்கள் என்பதை இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் ரெக்ஸினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடித்துப் பழகிய கையிடம் பட்டுத்துணியை நீட்டியது நான்தான். இரண்டாவது முறை பின்னால் தட்டை வளையம் வைத்து நானே அடித்தேன். ஒன்பது மாதம் தாங்கியது.

இந்த முறை இடுப்பு மட்டத்து நான்கு துளைகளைச் சுற்றியும் சரிகையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, பின்னால் டிரில் ஒட்டுப் போட்டுத் தைத்து, குத்தூசியால் புதிதாக வழி செய்து, நீண்ட கழுத்துள்ள வளையத்தை அடித்தேன். அதன் மேல், இரட்டை நூலில் மெழுகு தேய்த்து, கையால் காஜா எடுப்பதுபோல் வளையத்தை முழுவதுமாக மூடிச் சுற்றித் தைத்தேன். ஒவ்வொரு தையலையும் கால் அங்குலம் உள்ளே தள்ளி, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் இழுப்பு ஒரே இழையில் விழாது. ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. உலோக ஐலெட் ஐரோப்பாவிலேயே 1820களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் இப்படிக் கையால் சுற்றித் தைத்த துளைகளில்தான் கயிறு கோத்து இறுக்கினார்கள். விரலில் ஊசி ஏறிய அந்த மூன்று மணி நேரத்தில் அந்தப் பெண்களின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

சிநேகிதிக்கு என் முடிவு இதுதான்: பாட்டியின் புடவையை வெட்டாதே. நான் மேலே புகழ்ந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார். நாடாவைத் தாங்கியது எஃகு. நீளாமல் நின்றது சீருடைத் துணி. என்னைப் படுத்தியவை பட்டும் சரிகையும். வெறும் டிரில்லில் தைத்துக்கொள். துவைக்கலாம், துளை பிய்ந்தால் மனமும் பிய்யாது. பழைய துணிதான் வேண்டுமென்றால் அண்ணனுடைய ஜீன்ஸைக் கேட்டு வாங்கிக்கொள்.

இதை எழுதும்போதே மனம் உறுத்துகிறது. சென்ற தையில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்து நின்றபோது, ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவே தெரிந்த வெண்பட்டைப் பின்னாலிருந்து ஒரு பாட்டி விரலால் தொட்டார். "இது நம்மூரு வேட்டிதானே சாமி? கரை அந்தக் காலத்துத் தறியில வந்தது" என்றார். அவர் வீட்டிலும் தறி இருந்ததாம். அப்பாவின் வேட்டி என்று சொன்னதும், கறுத்துப்போயிருந்த சரிகையைத் தடவியபடியே சற்று நேரம் நின்றார். டிரில்லில் தைத்திருந்தால் அவர் கையை நீட்டியிருக்க மாட்டார்.

ஆவணியில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். இன்னும் இருபது துளைகள் மிச்சமிருக்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து நூலும் மெழுகும் வாங்கி வைத்துவிட்டேன். இரவுக்கு ஒரு துளை என்று நாளை தொடங்குகிறேன்.