ஊட்டி, குன்னூர் கல்யாணத்துக்கு ரெடிமேட் நெட் கவுன் வாங்கலாமா?

ஃப்ளவர் கேர்ளுக்கென்று, அதாவது சர்ச் கல்யாணத்தில் பூக்கூடையோடு மணப்பெண்ணுக்கு முன்னால் நடக்கும் சிறுமிக்கென்று, மலையில் உள்ள கடைகளில் தொங்கும் வெள்ளை கவுன்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். கையில்லாத சாட்டின் மேல்பாகம், இடுப்பில் ரிப்பன், முதுகில் ஜிப், விரிந்து நிற்க உள்ளே கேன்கேன் என்ற விறைப்பான வலைத்துணி வைத்த நெட் பாவாடை. 2,000 ரூபாய்க்கு முன்னேபின்னே கிடைக்கும் இந்த ரகத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். பார்வைக்குக் குறையே இல்லை. ஆனால் தைத்தது சமவெளி வெயிலுக்கு.

கடையில் வெற்று பனியன்மேல் போட்டுப் பார்த்தால் கச்சிதமாகத்தான் இருக்கும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், டிசம்பர் காலையில், சர்ச் வாசலில் மணப்பெண் கார் வரும்வரை நிற்கிற பிள்ளைக்கு உள்ளே தெர்மல், அதாவது குளிர் தாங்கும் உள்ளாடை, வேண்டும். அதைப் போட்டதும் மார்புச் சுற்றில் ஓர் அங்குலமாவது போய்விடும். அதனால் தெர்மலையும் அன்று போடப்போகும் ஷூவையும் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். தெர்மல்மேல் டேப் பிடித்து வரும் அளவைவிட கவுனின் மார்புச் சுற்று 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். லேபிளில் உள்ள வயதை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. கழுத்து அகலமான தெர்மலாகப் பார்த்து வாங்கினால் தோளில் எட்டிப் பார்க்காது. முழுக்கைதான் வேண்டுமென்றால் மேலே ஒரு வெல்வெட் ஷ்ரக் (முன்பக்கம் திறந்த குட்டி மேலங்கி) போட்டுவிடலாம், படத்திலும் நன்றாக விழும்.

இந்த கவுனின் பெரிய பலவீனம் ஜிப். மேல்பாகமும் பாவாடையும் சேருமிடத்தில் சாட்டின், லைனிங், நெட், கேன்கேன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கிச் சேர்கின்றன. வெளியே பல் தெரியாத மெல்லிய இன்விசிபிள் ஜிப்பின் ரன்னர் அந்தத் தடிப்பில் வந்து சிக்கும். உள்ளே தெர்மல் இழுத்துப் பிடிக்கும்போது அவசரத்தில் மேலே தூக்கினால், பல் அங்கேயே பிளந்துகொள்ளும். ஆல்டரேஷன் டெய்லரிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். ஜிப்பை ஒட்டி அரை அங்குலத்துக்கு உள்ளே இருக்கும் கேன்கேனை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இடத்தைத் தட்டையாக மடித்துத் தைக்க வேண்டும். பிறகு சாதாரண நைலான் ஜிப் மாற்றி, உச்சியில் ஒரு ஹூக். இதைவிட நல்லது, ஜிப்பையே எடுத்துவிட்டு இருபுறமும் துணி லூப் வைத்துக் கயிறு கட்டுவது, பின்னால் ஒரு மறைப்புத் துண்டோடு. பிள்ளை சதை போட்டாலும் இளைத்தாலும் கவலையில்லை.

கேன்கேனின் ஓரம் இடுப்பில் குத்தும். "அம்மா, அரிக்குது" என்று பாதி பூசையில் பாவாடையைத் தூக்குவது இதனால்தான். இடுப்புத் தையல் முழுக்க, உள்பக்கம், காட்டன் பட்டி வைத்து மூடச் சொல்லுங்கள்.

நீளம் ஷூ போட்டுப் பார்க்கும்போது தரையிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் தப்பில்லை, படியேறும்போது மிதிக்காது. குறைக்க வேண்டுமென்றால் நெட்டின் ஓரத்தை வெட்ட விடாதீர்கள், லேஸ் போய்விடும். இடுப்பில் பிரித்துத் தூக்கித் தைப்பதே சரி. கடைசி ஃபிட்டிங் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு. அதற்கு முன்பே முடித்தால் பிள்ளை வளர்ந்துவிடும், பிந்தினால் டெய்லர் கையை விரிப்பார்.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 44 அங்குல அகலத்தில் நெட் 4 மீட்டர், லைனிங் 2 மீட்டர் போதும். பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். ரெடிமேடில் கால் அங்குலம்கூட இருக்காது, பெரிதாக்க வழியே இல்லை. கோவையில் எடுத்தால் ரகம் அதிகம்தான், ஆனால் மாற்றுவதற்கு மறுபடி மலை இறங்க வேண்டும்.

நெட்டில் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகிவிடும். கீசர் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த பாத்ரூமில் அரைமணி நேரம் தொங்கவிட்டால் சுருக்கம் தானாக நீங்கிவிடும். பிறகு உலர்ந்த அறைக்கு மாற்றிவிடுங்கள். மழை மாதத்தில் லைனிங் ஈரம் காய ஒரு நாள் ஆகும். கல்லாறு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் பிள்ளைக்கு காரிலேயே கவுன் போட்டுவிடாதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கையில் மெழுகுவர்த்தி வேண்டாம். நெட் நொடியில் பற்றிக்கொள்ளும். கூடையில் லில்லி வைப்பதாக இருந்தால் மகரந்தப் பைகளை முதலிலேயே கிள்ளிவிடுங்கள். ஆரஞ்சுப் பொடி சாட்டினில் பட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, துடைத்தால் கறை நிலைத்துவிடும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.