கொல்லையில் குளம்: சிமெண்டா, ஷீட்டா, ஃபைபர் தொட்டியா?

பெங்களூருவில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் வீடு எழும்பிய பிறகு மிஞ்சுகிற மண்ணே கொஞ்சம். அதில் குளம் வைக்க நினைப்பவர்கள் முதலில் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். நான் மீனிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். எந்த மீன் என்று முடிவானால் எந்தக் குளம் என்பது பாதி முடிவாகிவிடும்.

கொய் எனும் வண்ணக் கெண்டை மீன் வளர்க்க ஆசையா? அது இரண்டடி வரை வளரும். மூன்று, நான்கடி ஆழமும், மீன் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் தண்ணீரும், நிற்காமல் ஓடும் பம்ப், ஃபில்டரும் வேண்டும். அதற்குச் சிமெண்ட்தான் சரி. ஆனால் செலவும் அதற்குத்தான் அதிகம், பிடிக்கவில்லை என்றால் இடித்துத்தான் ஆக வேண்டும். புதுச் சிமெண்டில் கசியும் சுண்ணாம்பு மீனைக் கொன்றுவிடும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, சில வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிய பிறகே மீன் விடலாம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நான்கடி தோண்டுவதற்கு முன் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோல்டுஃபிஷும் நான்கு அல்லியும் போதும் என்பவருக்கு என் ஓட்டு ஷீட்டுக்கே. பண்ணைக் குட்டைக்கு விரிக்கிற அதே 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழக் குழிக்கு 14க்கு 11 அடி வாங்குங்கள்: நீள அகலத்தோடு ஆழத்தின் இரு மடங்கு, ஓரத்தில் மடிக்க இரண்டடி. கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, மணலோ பழைய சாக்கோ பரப்பி, அதன் மேல் ஷீட்டைப் போட வேண்டும். வெயில் படும் ஓரம்தான் முதலில் வெடிக்கும், கல் அடுக்கி மூடிவிடுங்கள். இதன் பெரிய எதிரி பெருச்சாளி. பக்கத்தில் வளை இருந்தால் யோசியுங்கள்.

ஃபைபர் தொட்டி வாடகை வீட்டுக்காரருக்கு. காலி செய்யும்போது கூடவே வரும். ஐந்நூறு லிட்டர் தொட்டி ஏப்ரல் வெயிலில் சீக்கிரம் சூடாகும் என்பதால் நிழலில் வைத்துச் சின்ன மீன்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொசுவைச் சமாளிக்கக் கப்பி மீனை விடுவார்கள். எனக்கு நம் ஊர் ஓடைகளில் நீர்மட்டத்தை ஒட்டியே திரியும், உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு மின்னும் பான்சாக்ஸ் (panchax) என்ற சின்ன மீனைத்தான் பிடிக்கும். கொசுப்புழு நெளிந்ததும் கீழிருந்து வெடுக்கென்று கவ்வும்.

எந்தக் குளமானாலும் தண்ணீர்ப் பாடு ஒன்றுதான். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் தோட்டத்துக்கும் நீரூற்றுக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். கோடையில் மேலே சொன்ன ஷீட் குளத்திலிருந்து தினமும் ஒரு குடத் தண்ணீராவது ஆவியாகும். எனவே மொட்டைமாடி மழைநீரைச் சேமித்து வைத்து ஊற்றுவதே உத்தமம். காவேரிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறித்த பிறகே மீன் இருக்கும் குளத்தில் விடுங்கள். போர்வெல் நீரில் உப்புப் படியும்.

மீன்களை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை இரண்டு மூன்று போதும். அப்புறம், பாசி தின்னும் என்று கடைக்காரர் கூடவே தள்ளிவிடும் டேங்க் கிளீனர் மீனை வாங்காதீர்கள். ஓரடிக்கு மேல் வளரும் தென்னமெரிக்க மீன் அது. இடம் போதவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விட்டால் அங்கேயே பெருகி, நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.