இரண்டு வருஷப் பாட்டில் தோட்டம்: செடி அருமை, கண்ணாடிதான் தலைவலி

“பாட்டில் தோட்டம் போடலாமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜாடி, நாலு செ.மீ. வாய், தக்கை மூடி. உள்ளே பாசியும், ஃபிட்டோனியா என்ற சின்ன அலங்கார இலைச்செடி ஒன்றும். செடி வளர்ச்சியில் குறையே இல்லை. கோபமெல்லாம் கண்ணாடி மேல்தான்.

காலையில் ஆவி படிவதைச் சொல்லவில்லை. கண்ணாடி எந்தப் பக்கம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே படியும், வெயில் ஏறினால் தெளிந்துவிடும். நாள் முழுக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைத்தபடி நின்றால் தண்ணீர் அதிகம். நாலு மணி நேரம் மூடியைத் திறந்து வைத்தால் போதும்.

தீராத எரிச்சல் வெள்ளைக் கறை. ஆவியாகிப் படியும் தண்ணீரில் உப்பு கிடையாது. போர்வெல் தண்ணீரை ஸ்ப்ரேயரில் அடித்ததால் வந்த வினை இது. துளி காய்ந்த இடத்திலெல்லாம் ஒரு சுண்ணாம்பு வளையம், ஓரம் மட்டும் தடித்து. மூடிய பாட்டிலிலிருந்து உப்பு வெளியேற வழியும் இல்லை, அதனால் பாசியின் நுனியும் பழுப்பாகும். கம்பி நுனியில் துணி சுற்றி, வினிகரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தால் கறை போகும். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைக்கணும். வினிகர் சொட்டினால் பாசி அங்கேயே கருகிவிடும். ஆனால் கழுத்துக்குக் கீழே கண்ணாடி வளையும் இடத்துக்கு எந்தக் கம்பியும் எட்டவில்லை. அந்தக் கறை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைநீர்தான். ஸ்ப்ரே வேண்டாம், சிரிஞ்சில் எடுத்து ஓரமாக விடுங்கள். செடி நிற்கும் மண் கலவையைக் கையில் அழுத்திப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரணும், அவ்வளவுதான் ஈரம். பிறகு கண்ணாடியில் ஆவியே படியாத நிலை வந்தால் மட்டும் 10 மி.லி.

கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் பொரி) ஒரு பங்கு, கொஞ்சம் கரித்தூள். கோகோபீட்டிலும் உப்பு இருக்கும், மூன்று தண்ணீராவது மாற்றி அலசுங்கள். அடியில் ஒன்றரை செ.மீ. உயரத்துக்குச் சுட்ட களிமண் உருண்டை போட்டு, மேலே கொசுவலைத் துண்டு. அதை வடிகால் என்பார்கள். ஓட்டையில்லாத பாட்டிலில் தண்ணீர் எங்கே வடியும்? உருண்டைகளுக்கு நடுவே தண்ணீர் நிற்பது கண்ணுக்குத் தெரியும், அதுதான் பயன். நேர் வெயில் கூடவே கூடாது, உள்ளே செடி வெந்துவிடும். கண்ணாடியைத் தொடும் ஃபிட்டோனியா இலையை உடனே வெட்டி வெளியே எடுங்கள். அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. பாசியோடு வந்த வித்துத்தூளிலிருந்து பெரணி முளைத்தது. முதலில் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு. பல வாரம் கழித்து அதன் அடியிலிருந்து முதல் குட்டி இலை. 1829 வாக்கில் லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் மூடிய சீசாவுக்குள் பார்த்ததும் இப்படி முளைத்த பெரணியைத்தான். செடிகளை மூடி வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியான வார்டு பெட்டி பிறந்தது அதிலிருந்து. இரண்டு வருஷத்தில் இந்தப் பாட்டில் தந்த மிக அழகான காட்சி இது.

அந்தப் பெரணி இப்போது வளர்ந்து நிற்பது சரியாகக் கறைக்குப் பின்னால். ஆகவே என் பதில்: இந்த மாதிரிப் பாட்டில் வேண்டாம். கை நுழைகிற பெரிய ஊறுகாய் ஜாடி வாங்குங்கள்.