ஸ்பானிஷ்: முதலில் வேர்ச்சொல்லா, அழுத்தமா?

ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தால் இரண்டு வழிகள் முன்னால் நிற்கும். லத்தீன் வேர்களைப் பிடித்துச் சொற்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்ப்பது ஒன்று. சொல்லை அசை பிரித்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று பழகுவது இன்னொன்று.

வேர் வழி வேகமானது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு 'நேஷன்' கொஞ்சம் மாறி 'நசியோன்' ஆகும், 'யுனிவர்சிட்டி' 'உனிபெர்சிதாத்' ஆகும். பார்த்தவுடன் பொருள் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம். 'ஹாஸ்பிட்டல்' என்பதை நாம் முதல் அசையில் அழுத்துவோம். அங்கே அது 'ஒஸ்பித்தால்', அழுத்தம் கடைசியில். சில சொற்கள் பொருளிலும் காலை வாரும். 'எக்சித்தோ' என்றால் ஆங்கில 'எக்சிட்' போல வெளியேறும் வழி அல்ல, வெற்றி.

அழுத்த வழிக்கு விதி சின்னது. சொல் உயிரிலோ, n, s எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இதற்கு அடங்காத சொல்லில், அழுத்தம் விழும் உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு போடுவார்கள்.

நமக்குக் கஷ்டம் விதியில் இல்லை, காதில்தான். குறில் நெடில் தப்பாமல் பிரிக்கும் தமிழ்க் காதுக்கு அழுத்தம் சட்டென்று பிடிபடாது. 'தெர்மினோ' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'தெர்' அழுந்தினால் முடிவு, கெடு. 'மி' அழுந்தினால் 'நான் முடிக்கிறேன்'. 'னோ' அழுந்தினால் 'அவர் முடித்தார்'. தேர்மினோ, தெர்மீனோ, தெர்மினோஓ என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லிப் பழகினால் பிடி கிடைக்கும்.

அசை பிரிப்பதும் லேசில்லை. 'ஆ-சியா' என்று இரண்டு அசையானால் 'நோக்கி'. 'அ-சீ-ஆ' என்று மூன்றானால் 'செய்துகொண்டிருந்தார்'. 'கியோன்' (இணைப்புக்கோடு) என்ற சொல்லை ஓரசையாகக் கணக்கிட்டு 2010இல், எழுத்து விதிகளை வகுக்கும் ஸ்பானிஷ் மொழி அகாதமிகள் அதன் சாய்கோட்டை எடுத்தன. அதை இரண்டு அசையாக உச்சரிப்பவர்கள் இன்றும் ஏராளம்.

சரி, எதை முதலில் எடுப்பது? அழுத்தத்தைத்தான் என்பேன். கட்டுரைகளை வாசிக்க மட்டும் ஸ்பானிஷ் வேண்டுமென்றால் வேர் வழியே போதும். பேச வேண்டுமென்றால் போதாது. அதைவிடப் பெரிய காரணம், அழுத்தம் தெரியாமல் வேரையே அடையாளம் காண முடியாது என்பது. லத்தீனின் குறில் ஒ, எ இரண்டும் அழுத்தம் பட்ட இடத்தில் பெரும்பாலும் 'உவெ', 'இயெ' என்று உடைந்தன. படாத இடத்தில் உடையவில்லை. அதனால்தான் தூங்குவது 'தோர்மீர்', நான் தூங்கினால் 'துவெர்மோ', நாம் தூங்கினால் மறுபடி 'தோர்மீமோஸ்'. கதவு 'புவெர்த்தா', வாயிற்காவலர் 'போர்த்தேரோ'. ஏழு 'சியெத்தே', எழுபது 'செத்தெந்தா'. முதலில் வேரை மட்டும் பிடித்தவருக்கு இவை விதிவிலக்குகளின் பட்டியல். அழுத்தம் பழகியவருக்கு ஒரே குடும்பம்.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. காற்று 'பியெந்தோ'. ஜன்னல் 'பெந்தானா', அழுத்தம் 'தா'வுக்கு நகர்ந்துவிட்டதால் முதல் அசையில் பழைய 'எ' உடையாமல் நிற்கிறது. காற்று வரும் வழி என்பதால் வந்த பெயர்.