அப்புத்தளை அடிஷம் பங்களா: பார்க்க இரண்டு அறைதான், ஆனாலும் போங்கள்

இலங்கை மலையகத்திலுள்ள அப்புத்தளைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனையைப் பார்த்த கையோடு அடுத்த ரயிலில் எல்லவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடிஷமுக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவுதான், ஆட்டோ போகும், காலையில் மூடுபனி இறங்குவதற்குள் கிளம்பினால் நடந்தே போகலாம்.

உள்ளே பார்க்க விடுவது வரவேற்பறையும் நூலகமும் மட்டும்தான், மாடிக்குப் போக முடியாது, உள்ளே படம் எடுக்கவும் கூடாது. காசு கொடுத்து வந்தும் இவ்வளவுதானா என்று சிலர் முணுமுணுக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து இது பெனடிக்ட் சபைக் கத்தோலிக்கத் துறவிகளின் மடம். அவர்கள் அங்கேயே வசித்து, செபித்து, வேலையும் செய்கிறார்கள். குடியிருக்கும் வீட்டில் இரண்டு அறையைத் திறந்துவிட்டதே பெரிய விஷயம்.

அந்த இரண்டும் லேசுப்பட்ட அறைகளும் இல்லை. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பெனியின் தலைவராக இருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய வீடு இது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்துக் கட்டினார், பெயரும் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர்தான். தடித்த கருங்கல் சுவர், ஒடுக்கமான உயர்ந்த ஜன்னல்கள், பர்மாத் தேக்கு வேலைப்பாடு. நூலகத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அலமாரியில் வரிசையாகப் பழைய புத்தகங்கள், ஜன்னல் வெளிச்சம் படுகிற பக்கம் முதுகு வெளுத்து, உள்பக்கம் இருப்பவை இன்னும் கருஞ்சிவப்பாகவே இருக்கின்றன.

இன்னொன்றும் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கம்பெனி தேயிலைத் தோட்டங்களை நிர்வகித்த ஏஜென்சி. கோட்டை மாதிரி இப்படி ஒரு வீடு எழும்பிய காலத்தில், சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து பறித்த நம் மலையகத் தமிழ் ஆட்கள் லயக் காம்பராக்களில்தான், அதாவது வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில்தான் இருந்தார்கள். பக்கத்துக் காட்டுக்குப் பெயர் தங்கமலை, சுத்தமான தமிழ்ப் பெயர். வீட்டின் அழகை ரசிக்கும்போது அதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, கடைக்கு வருவோம். துறவிகள் செய்யும் ஜாம், ஜெலி, கோர்டியல் எல்லாம் அங்கேயே விற்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் காட்டுக் கொய்யா ஜெலியை எடுங்கள். கரண்டியில் எடுத்தால் ஆடிக்கொண்டு நிற்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும், இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு வந்து நிற்கும். பாணுக்கு வெண்ணெய் பூசி அதன் மேல் இதை வைத்தால் வேறு எதுவும் வேண்டாம். ஸ்ட்ரோபெரி ஜாமும் நல்லதுதான், ஆனால் அது கொஞ்சம் தித்திப்புக் கூட.

ஒரு வேண்டுகோள், தோட்டத்தில் ஃபோனில் பாட்டைச் சத்தமாகப் போடாதீர்கள். நான் போன அன்று ஒரு கூட்டம் அப்படித்தான் செய்தது, எனக்கே கோபம் வந்தது.

எல்லா நாளும் திறந்திருக்காது. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை), பள்ளிக்கூட விடுமுறை நாட்களில்தான் பொதுவாக விடுவார்கள், மதியச் சாப்பாட்டு நேரம் மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போவது நல்லது. அப்புறம் நேரமிருந்தால், தங்கமலைக் காட்டு வழியாக மலைமுகட்டோடு இதல்கசின்ன ரயில் நிலையம் வரை நடந்து, அங்கிருந்து ரயிலில் அப்புத்தளைக்குத் திரும்பலாம். மழை பெய்திருந்தால் அட்டை கடிக்கும், நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், ரயில் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.