பழைய டிராக்டர் குளிரில் கிளம்பவில்லையா? "பம்ப் போச்சு" என்றால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் அண்டர்பெர்க், மூயி ரிவர், கொக்ஸ்டாட் பக்கம் பழைய மாஸி பெர்குசன் 135 டிராக்டர் வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். டர்பன் கடலோரக் கரும்புத் தோட்டங்களில் இந்தத் தொல்லை கிடையாது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் உறைபனி விழுந்து புல் வெளுத்துக் கிடக்கும் காலையில்தான் இந்த வண்டிகள் முரண்டு பிடிக்கும். அதை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

எங்கள் வண்டியில் இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின். காலை ஆறரைக்கு எவ்வளவு சுற்றினாலும் கிளம்பாது. வெயில் ஏறிப் பதினொரு மணிக்குச் சாவியைத் தொட்டதும் கிளம்பிவிடும். பார்க்க வந்த மெக்கானிக், என்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்துப் புதுப் பெயின்டோடு கொண்டுவந்து மாட்டினார். பில் 14,500 ரான்ட். மறுநாள் காலை வண்டி பழையபடியே நின்றது. கேட்டதற்கு ஒரு ஈதர் ஸ்ப்ரேயை (சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம்) கையில் கொடுத்து, "குளிர்காலத்தில் இதை அடித்துத்தான் எடுக்கணும்" என்றார்.

அந்தப் பம்பை யாரும் திறக்கவே இல்லை. எங்கள் வண்டியில் இருப்பது சி.ஏ.வி. கம்பெனியின் டி.பி.ஏ. வகைப் பம்ப்; அதன் பக்கவாட்டு மூடியில் கம்பி கோத்து ஈய முத்திரை போட்டிருப்பார்கள். மூடியைத் திறக்க வேண்டுமானால் கம்பியை வெட்டியே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் பட்டறை புது முத்திரை போடும். எங்கள் பம்பில் கறுத்துப்போன பழைய கம்பி அறுபடாமல் இருந்தது, அதன் மேலேயே பெயின்ட். நகத்தால் சுரண்டினால் பெயின்டுக்கு அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. டெஸ்ட் பெஞ்சில் (பம்பைத் தனியாக ஓட்டிச் சோதிக்கும் மேடை) ஓட்டிய அளவுத்தாள் கேட்டோம், தரவில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. தேய்ந்த டி.பி.ஏ. பம்ப் பெரும்பாலும் சூட்டில்தான் தகராறு செய்யும். சூடான டீசல் இளகி, உள்ளே சுழலும் தேய்ந்த ரோட்டரின் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்துக்கு அழுத்தம் ஏறாது. குளிரில் நின்று மதியம் நன்றாகக் கிளம்பும் வண்டிக்குப் பம்பின் மேல் முதல் சந்தேகமே வரக்கூடாது. சுற்றும்போது புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை: காற்று புகுந்திருக்கும், அல்லது குளிரில் டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைத்திருக்கும். கோடையில் வாங்கிய டிரம் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இரவு வெளியே வைத்தால் காலையில் தெரிந்துவிடும், கலங்கியிருந்தால் மெழுகுதான். ஃபில்டர் மேல் வெந்நீர் ஊற்றுங்கள், தீயைக் காட்டாதீர்கள்.

எங்கள் வண்டியில் வெள்ளைப் புகை வந்தது. காரணம் தெர்மோஸ்டார்ட். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் திருகியிருக்கும் சின்னப் பொருள் அது. கரண்ட் பாய்ந்ததும் சுருள் பழுக்கும், உள்ளிருக்கும் குண்டு வால்வு திறந்து டீசல் சொட்டும், என்ஜின் சுற்றும்போது அது எரிந்து காற்றைச் சூடாக்கும். வால்வு தேய்ந்தால் டீசல் ஓயாமல் ஒழுகும். ஒழுகலை நிறுத்த யாரோ அதன் குழாயில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தார்கள். அந்த மெக்கானிக் கண்ணில் அது படாமல் இருந்திருக்கவே முடியாது, மேலேயே தெரிகிறது.

சோதிப்பது சுலபம். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவர் சாவியை ஹீட் நிலையில் (தெர்மோஸ்டார்ட்டைச் சூடாக்கும் நிலை) 20 விநாடி பிடிக்கட்டும், பிறகு சுற்றட்டும். உள்ளே தீ தெரிய வேண்டும் (முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்). சுருள் பழுத்தும் தீ இல்லையென்றால் டீசல் வரவில்லை. பழுக்கவே இல்லையென்றால் ஒயரையும் சுவிட்சையும் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும்; சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. போனால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மேல் இழுக்கிறது. சுற்றும்போதே நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் மெல்லிசு, அல்லது முனை துருப்பிடித்திருக்கிறது. கார் கேபிளைப் போட்டு ஒப்பேற்றிய டிராக்டர்கள் நிறைய உண்டு.

கிளப்பும்போது கிளட்சை முழுதாக மிதியுங்கள், கியர்பாக்ஸில் கெட்டியான எண்ணெயை ஸ்டார்ட்டர் சேர்த்துச் சுற்ற வேண்டியிராது. திராட்டிலை முழுதும் திறந்து, 20 விநாடி ஹீட், பிறகு ஸ்டார்ட். 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். விட்டு, இன்னும் 10 விநாடி ஹீட் கொடுத்து மறுபடி பாருங்கள்.

தெர்மோஸ்டார்ட் உள்ள வண்டியில் ஈதர் அடிக்கவே கூடாது. பழுத்த சுருளில் பட்டால் மேனிஃபோல்டிலேயே வெடிக்கும். சிலிண்டருக்குள் போனாலும் பிஸ்டன் மேலே வருமுன்பே வெடித்து ரிங்கையும் அது உட்காரும் விளிம்பையும் உடைக்கும். அப்புறம் கம்ப்ரஷன் குறைந்து, ஈதர் இல்லாமல் வண்டி கிளம்பாத நிலை வந்துவிடும்.

யாராவது பம்பைக் கழற்றினால், கொடுக்கும் முன் முத்திரையையும் பம்பின் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய உதிரிகளும் டெஸ்ட் பெஞ்ச் தாளும் கைக்கு வந்த பிறகு, மறுநாள் விடியற்காலைக் குளிரில் வண்டி கிளம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மதியம் கிளப்பிக் காட்டுவது கணக்கில் வராது.